கிறிஸ்துமஸ் கிராக்கர் வாங்கும்போது பொம்மையைப் பார்க்காதீர்கள், சீட்டைப் பாருங்கள்

அக்டோபர் முடிவதற்குள் இங்கிலாந்தின் சூப்பர்மார்க்கெட்டுகளில் கிராக்கர் பெட்டிகள் அடுக்கப்பட்டுவிடும். பெட்டியின் முன்பக்கத்தில் உள்ளே இருக்கும் பரிசுப் பொருள்களின் படம் பெரிதாக இருக்கும்: நகவெட்டி, குட்டி ஸ்க்ரூடிரைவர், சீட்டுக்கட்டு, சாவிக்கொத்து. பின்பக்கம் திருப்பினால் சின்ன எழுத்தில் ஒரு வரி: ஒவ்வொன்றிலும் ஒரு தொப்பி, ஒரு ஜோக், ஒரு ஸ்நாப். அந்த ஜோக் ஒரு குட்டிச் சீட்டில் அச்சடித்து உள்ளே இருக்கும், அதற்காகத்தான் நான் காசு கொடுக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் மூன்று வகை இருந்தன. மூன்றையும் பற்றி எழுதுகிறேன். இங்கே புதிதாகக் குடிவந்து முதல் கிறிஸ்துமஸைக் கொண்டாடப் போகிறவர்களுக்கு உதவும்.

கிராக்கர் என்றதும் நம் ஆட்களுக்குத் தீபாவளிதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. அட்டைக் குழாய் ஒன்றைப் பளபளப்பான காகிதத்தில் சுற்றி, மிட்டாய் போல இரண்டு முனையையும் முறுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே நீளவாக்கில் ஒரு மெல்லிய அட்டைப் பட்டை ஓடும். அதுதான் ஸ்நாப். அதில் துளியூண்டு சில்வர் ஃபல்மினேட் தடவியிருக்கும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் உரசலில் படக்கென்று ஒரு சத்தம். குழாய் யார் கையில் மிஞ்சுகிறதோ உள்ளே இருப்பது அவருக்கு. கொஞ்சம் வெடிமருந்து இருக்கிற காரணத்தால் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை விற்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று வைப்பார்கள். எல்லோரும் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு வட்டமாக ஒரே நேரத்தில் இழுப்பதும் உண்டு. அப்புறம் எல்லோரும் டிஷ்யூ காகிதக் கிரீடத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவரவர் சீட்டை உரக்கப் படிக்க வேண்டும். அப்போதுதான் உண்மையான விருந்து ஆரம்பிக்கிறது.

முதல் பெட்டி, ஒரு சூப்பர்மார்க்கெட்டின் சொந்தத் தயாரிப்பு. ஆறு கிராக்கர், 5 பவுண்டுக்குள். காகிதம் மெல்லியது. கிரீடம் என் கணவர் தலையில் ஏறும்போதே கிழிந்துவிட்டது. பரிசு என்று அட்டையில் செய்த ஒரு புதிர், ஒரு மரப் பம்பரம், இப்படி. சமீப வருடங்களில் பெரிய கடைகள் பிளாஸ்டிக் பொம்மையையும் ஜிகினாவையும் குறைத்துவிட்டதால் மலிவுப் பெட்டியில் இப்போதெல்லாம் இவ்வளவுதான் வருகிறது, அது நல்லதும்கூட. ஸ்நாப் ஆறும் ஒழுங்காக வெடித்தன. ஆனால் சீட்டுகள்! ஆறும் ஆறு முத்துகள்.

என் மகன் படித்தது: பனிமனிதனையும் ரத்தக்காட்டேரியையும் சேர்த்தால் என்ன கிடைக்கும்? "ஃப்ராஸ்ட்பைட்." ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் உடனே, "இது நம்ம கடி ஜோக்குல்லா" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. கேள்வி ஒன்று, பதில் ஒன்று, பதிலைக் கேட்டதும் எல்லோரும் தலையில் கை வைக்க வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் காலேஜ் பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்த அதே உருவம். இந்த ஒன்று மட்டும் தமிழிலும் அப்படியே நிற்கிறது, பனிக்கடி என்று. மற்ற எதுவும் நிற்காது.

அடுத்தது: கிறிஸ்துமஸ் சமயத்தில் பேக்கரியில் ஒளிந்திருப்பவர் யார்? "மின்ஸ் ஸ்பை." மின்ஸ் பை என்பது உலர்பழங்களும் மசாலாவும் அடைத்துச் செய்கிற சின்னப் பலகாரம். டிசம்பர் முழுக்க எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு தட்டு நீட்டுவார்கள். முதல் சொல்லின் கடைசியில் இருக்கும் ஸ் சத்தத்தை இரண்டாவது சொல்லும் எடுத்துக்கொண்டதும் பலகாரம் ஒற்றனாகிவிடுகிறது. வேகமாகச் சொன்னால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரிக்கிறதே, அதில் பிரிமொழிக்கு இதை அப்படியே உதாரணமாக வைக்கலாம். சொல்லை வேறு இடத்தில் வெட்டினால் வேறு பொருள். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கினார். இவர்கள் பலகாரத்தையும் ஒற்றனையும் இரண்டு சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். காளமேகத்தைக் கேட்டால் நாம் வியப்போம், கிராக்கரைக் கேட்டால் முனகுவோம். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கிற வேலை ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாவது, இந்தப் பெட்டியிலேயே எனக்குப் பிடித்தது. சான்டாவின் உதவியாளர்களை எப்படி அழைப்பீர்கள்? "சபார்டினேட் கிளாஸஸ்." சான்டா கிளாஸுக்குக் கீழே வேலை செய்கிற கிளாஸ்கள். ஆங்கில இலக்கணத்தில் சபார்டினேட் கிளாஸ் (clause) என்றால் சார்பு வாக்கியம். நான் ஒரு தொடக்கப் பள்ளியில், ஆறாம் வகுப்பில், ஆசிரியைக்கு உதவியாளராக இருக்கிறேன். இங்கே ஆறாம் வகுப்பு முடியும்போது எழுதுகிற அரசுத் தேர்வில் இந்தச் சார்பு வாக்கியம் வரும். பத்து வயதுப் பிள்ளைகள் அதோடு வருடம் முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள். என் மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். "அம்மா! கிளாஸஸ்! கிராமர் கிளாஸஸ்!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். மேஜையில் இருந்த பெரியவர்கள் பாதிப் பேர் அதற்கப்புறம்தான் சிரித்தார்கள். ஒரு குழந்தை பெரியவர்களை முந்திக்கொண்டு ஒரு ஜோக்கைப் பிடிக்கிற அந்த நொடிக்கு விலையே இல்லை. வகுப்பில் வேறு எப்படிச் சொல்லிக்கொடுத்தாலும் அவள் அந்தச் சொல்லை இப்படி மனதில் வைத்திருக்க மாட்டாள்.

நான்காவதில் வேறு விஷயம் நடந்தது. ருடால்ஃபையும் பிளிட்ஸனையும் ஈபேயில் ஏலத்துக்கு விட்டும் ஏன் யாரும் கேட்கவில்லை? "பிகாஸ் தே வேர் டூ டியர்." இரண்டும் சான்டாவின் வண்டி இழுக்கிற கலைமான்கள், ஆகவே இரண்டு மான். அதிக விலை என்பதும் அதே சத்தம். பிள்ளைகள் இருவரும் விழித்தார்கள். டியர் என்றால் அன்புக்குரிய என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். விலை கூடுதல் என்ற பொருள் இங்கே வயதானவர்கள் பேச்சில்தான் அதிகம் கேட்கிறது. என் மாமியார் திருநெல்வேலியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் படித்த பழைய பாடப்புத்தகங்களில் காய்கறி விலை ஏறினால் டியர் என்றுதான் இருக்கும். பேரனிடம், "காஸ்ட்லினு அர்த்தம்லா, எங்க காலத்துல அப்படித்தான் சொல்லுவோம்" என்றார். பக்கத்து வீட்டு அம்மாவையும் சாப்பிட அழைத்திருந்தோம். எண்பதைத் தாண்டியவர், தெற்கு லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரும் அத்தையும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அதுவரை வணக்கம், நன்றி தாண்டி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

ஐந்தாவதைப் படித்தது அத்தைதான். கண் தெரியாத கலைமானை எப்படி அழைப்பீர்கள்? "நோ ஐ டியர்." அத்தை ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக உச்சரித்துப் படித்தார், யாருக்கும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சீட்டை வாங்கித் தன் வாயால் ஒரு முறை சொன்னார். மேஜை அதிர்ந்தது. காரணம் அந்தக் கடைசி ர் சத்தம். தென்கிழக்கு இங்கிலாந்தில் அதை உச்சரிக்க மாட்டார்கள். அவர்கள் வாயில் டியர் என்பது கிட்டத்தட்ட டிஅ என்று முடியும், ஐடியா என்பதும் ஐடிஅ என்றே முடியும். ஆகவே கண்ணில்லாத மான், எனக்குத் தெரியாது என்கிற நோ ஐடியாவாகிவிடுகிறது. நாம் ர்-ஐ அழுத்திச் சொல்கிறோம், ஸ்காட்லாந்துக்காரர்களும் பெரும்பாலான அமெரிக்கர்களும் சொல்கிறார்கள். அந்த வாய்களில் இந்த ஜோக் முழுதாக விழாது. உங்களுக்கு ஒரு சீட்டு புரியவில்லை என்றால் உங்கள் ஆங்கிலம் குறை என்று நினைக்காதீர்கள். லண்டன்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பல நேரம் சிக்கல் அவ்வளவுதான்.

ஆறாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிமனிதர்கள் எதில் ஏறிப் போவார்கள்? "ஐசிக்கிள்." பைசிக்கிளின் முதல் எழுத்தைத் தட்டிவிட்டால் தொங்கும் பனி ஊசி. இது எந்த வாயிலும் வேலை செய்கிறது.

சீட்டை உரக்கப் படிப்பது ஏன் முக்கியம் என்று இங்கே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, சத்தம் ஒன்று. கையில் சீட்டு வைத்திருப்பவர் எழுத்தைப் பார்க்கிறார், அவருக்கு மான் தெரிகிறது. கேட்பவருக்கு விலைதான் கேட்கிறது. இரண்டு பொருளும் மேஜையின் இரண்டு பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் சந்திக்கின்றன. சீட்டைக் கைமாற்றி ஒவ்வொருவரும் மௌனமாகப் படித்தால் அது செத்துப்போகும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சரி, இந்த ஜோக்குகள் ஏன் இவ்வளவு மொக்கையாக இருக்க வேண்டும், நல்ல ஜோக்காகவே போடலாமே என்று என் கணவர் வருடா வருடம் கேட்பார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் வைஸ்மன் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார். நல்ல ஜோக்கைச் சொல்லி யாரும் சிரிக்காவிட்டால் சொன்னவருக்கு அவமானம். மோசமான ஜோக்குக்குச் சிரிப்பு வராவிட்டால் பழி ஜோக்கின் மேல் போகிறது, எல்லோரும் சேர்ந்து முனகுகிறார்கள், மேஜை ஒன்றாகிவிடுகிறது. என் மாமியார் வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரர் முன் ஜோக் சொன்னவரில்லை. சீட்டில் இருந்ததால் தயங்காமல் படித்தார். அது விழாமல் போனதும் அவர் முகம் வாடவில்லை, "நல்லாவே இல்லை" என்று சீட்டைத்தான் திட்டினார். இந்த விளக்கம் எனக்கு முழுக்க ஏற்புடையதாக இருக்கிறது.

இரண்டாவது பெட்டி பரிசுப்பொருள் கடை ஒன்றிலிருந்து என் கணவரின் அலுவலக நண்பர்கள் கொடுத்தது. அதே ஆறு, விலை 30 பவுண்டு என்று அட்டையிலேயே இருந்தது. கனமான கரும்பச்சைக் காகிதம், வெல்வெட் நாடா, கிரீடம்கூடக் கிழியாத தாளில். உள்ளே உலோகத்தில் பாட்டில் திறப்பான், தோல் உறை போட்ட அளவு நாடா. இவை இன்னும் எங்கள் வீட்டில் உபயோகத்தில் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் சீட்டுகளில் கோட்டை விட்டுவிட்டார்கள். கரும்பச்சைத் தாளில் வெள்ளி நிறத்தில் பொடி எழுத்து. பக்கத்து வீட்டு அம்மா கண்ணாடியை மாற்றிப் பார்த்தும் படிக்க முடியவில்லை. மூன்றில் ஜோக்கே இல்லை, பொது அறிவுக் கேள்வியும் யாரோ ஒருவரின் பொன்மொழியும். ஜோக் இருந்த மூன்றில் இரண்டு ஒரே ஜோக். மீதி ஒன்று ஐந்து வரிக் கதை. அதைப் படித்து முடித்ததும் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். சிலேடையே இல்லாத ஜோக்கைக் கிராக்கரில் போடக் கூடாது. சிலேடைக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. அது அவிழும்போது, பிடிக்காதவர்கூட அவிழ்ந்ததை உணர்ந்து முனகுவார். கதைக்கு அது கிடையாது.

கிராக்கரைப் படைத்தவர் வரிசையாக எதைச் சேர்த்தார் என்று பார்த்தால் என் கோபம் புரியும். லண்டனில் மிட்டாய் வியாபாரம் செய்த டாம் ஸ்மித் 1840களில் பாரிஸ் போனபோது மெல்லிய காகிதத்தில் முறுக்கி வைத்த பாதாம் மிட்டாயைப் பார்த்தார். அதையே லண்டனில் செய்து விற்றார். விற்பனை மந்தமானதும் மிட்டாயோடு காதல் வரிகள் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றைச் சேர்த்தார். வெடிச்சத்தம் அதற்கப்புறம் வந்தது. அடுப்பில் விறகு படபடத்ததைக் கேட்டு அந்த யோசனை தோன்றியதாகக் கதை. அப்போது அதற்கு கோஸாக் என்று பெயர் வைத்தார். காகிதத் தொப்பியும் பரிசுப் பொருளும் அவர் மகன் வால்டர் காலத்தில் சேர்ந்தவை. லண்டன் ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் டாம் ஸ்மித்தின் பிள்ளைகள் தங்கள் தாயின் நினைவாகக் கட்டிய குடிநீர் ஊற்று இன்னும் நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள். ஆக, வெடியைவிட, கிரீடத்தைவிட, பொம்மையைவிட மூத்தது சீட்டு. காதல் வரிகள் போய்க் காலப்போக்கில் கடி ஜோக் வந்தது, அவ்வளவுதான். 30 பவுண்டு வாங்குகிறவர்கள் மூத்த பிள்ளையை இப்படிக் கைவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நாட்டில் சிலேடைக்கு மரியாதை இல்லாமலும் இல்லை. முடிவெட்டும் கடைக்குக் 'கர்ல் அப் அண்ட் டை' என்று பெயர் வைக்கிறார்கள்: சுருட்டிச் சாயம் பூசு, அல்லது சுருண்டு செத்துப் போ. ஸ்காட்லாந்தில் நடக்கிற எடின்பரோ ஃப்ரிஞ்ச் கலை விழாவில் டேவ் தொலைக்காட்சி 2008 முதல் சிறந்த ஜோக்குக்குப் பரிசு கொடுத்து வந்தது. ஒற்றை வரிச் சிலேடைகள் அதில் பல முறை ஜெயித்திருக்கின்றன. 2017-இல் கென் செங் என்ற நகைச்சுவைக் கலைஞர் வென்றார். புதிய பவுண்டு நாணயம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எனக்கு எல்லாச் சேஞ்சும் பிடிக்காது என்பது அவர் ஜோக். மாற்றம், சில்லறை இரண்டும் அந்த ஒரு சொல்லில். பன்னிரண்டு பக்க நாணயம் வந்தது அந்த வருடம்தான். மிக நல்ல ஜோக், ஆனால் கிராக்கருக்கு ஆகாது, அந்த நாணயம் இன்று யாருக்கும் புதிதல்ல. கிராக்கர் ஜோக்கில் மான், பனி, சான்டா, பேக்கரி என்று வயதாகாத சரக்கு மட்டும் இருப்பதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது, நாமே செய்துகொள்கிற பெட்டி. வெற்று அட்டைக் குழாய், ஸ்நாப், கிரீடம், நாடா எல்லாம் தனித்தனியாக வரும். உள்ளே என்ன போடுவது என்பது நம் பாடு. 8 பவுண்டு கொடுத்தேன். மடிக்கிற கோடுகள் சரியாக வெட்டப்பட்டிருக்கின்றன, பசை தேவையில்லை. ஸ்நாப்பைக் குழாயின் இரு முனையிலும் டேப் போட்டு ஒட்ட வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் தெளிவாகப் போடவில்லை. ஒட்டாவிட்டால் இழுக்கும்போது சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வந்துவிடும்.

பிள்ளைகள் இருவரும் டிசம்பர் மாலைகளில் உட்கார்ந்து ஜோக் எழுதினார்கள். இங்கே டாக்டர் டாக்டர் என்று ஆரம்பிக்கிற ஒரு பழைய வகை உண்டு. மகள் அதை எடுத்துக்கொண்டாள். டாக்டர், டாக்டர், எனக்கு எப்போதும் பசிக்கிறது, என்ன செய்ய? "டேக் டூ தோசாஸ் எ டே." ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்து என்கிற டோசஸும், நம் தோசைக்கு ஆங்கிலேயர்கள் சொல்கிற பெயரும் அவர்கள் வாயில் ஏறக்குறைய ஒன்று. மகன் எழுதியது: சோம்பேறிக் காலை உணவு என்ன செய்யும்? "இட் ஜஸ்ட் சிட்ஸ் இட்லி." சும்மா என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை ஐட்லி என்று சொல்வார்கள், ஆனால் எழுதும்போது அது நம் ஊரில் இட்லிக்கு எழுதுகிற அதே idly. இதைப் பக்கத்து வீட்டு அம்மா கையில் வரும்படி மகன் பார்த்துப் பார்த்து வைத்தான். அவர் எங்கள் வீட்டு இட்லி சாப்பிட்டுப் பழகியவர். வாய்விட்டுப் படித்தார், முனகினார், உடனே இன்னொரு முறை படித்தார், சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தைக்கு இட்லி ஜோக்கை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மொழியிலும் ஒரு கால் வைத்திருக்கிற பிள்ளைகளால் மட்டும்தான் இதை எழுத முடியும். அதற்கு இடம் கொடுத்த பெட்டி என்பதால் இது என் கண்ணில் தனி.

மதிப்பெண் என்றால், மலிவுப் பெட்டிக்கு ஐந்துக்கு நான்கு. கிரீடம் கிழிந்ததற்கு ஒன்று குறைத்தேன். விலை உயர்ந்ததற்கு இரண்டு, அதுவும் அளவு நாடாவுக்காக. செய்துகொள்ளும் பெட்டிக்கு நான்கரை, அந்த அரை, குறிப்பேட்டைத் திருத்தினால் கொடுத்துவிடுவேன்.

வாங்கும்போது ஜோக் உண்டு என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் அதற்குப் பதில் வெறும் வினாடிவினா இருக்கும். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பல கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும். அப்போது வாங்கி வைப்பதானால் வீட்டுக்குள்ளேயே உலர்ந்த அலமாரியில் வையுங்கள், தோட்டத்து ஷெட்டில் வைத்தால் ஈரம் ஏறி ஸ்நாப் நமத்துவிடும். ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் விமான நிறுவனத்தின் விதிகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் கிராக்கரை ஏற்றவே விடுவதில்லை, சிலர் பிரிக்காத பெட்டியைச் செக்-இன் பையில் மட்டும் அனுமதிக்கிறார்கள். அத்தை திரும்பிப் போகும்போது நாங்கள் ஸ்நாப் எதுவும் இல்லாமல் கிரீடங்களையும் சீட்டுகளையும் மட்டும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தோம். நாத்தனார் பிள்ளைகளுக்கு அத்தையே படித்துக் காட்டினாராம். மானைப் படிக்கும்போது மட்டும் ர்-ஐ விட்டுவிட்டாராம்.